ஹெலிகாப்டர் இண்டர்காம்: குரல் போகும் பாதையைப் பிடித்தால் பழுது பிடிபடும்

பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டரில் பக்கத்து இருக்கைக்காரரின் காதருகே குனிந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது. கேபினுக்குள் இரைச்சல் சாதாரணமாகவே 90 முதல் 100 டெசிபெல் வரை இருக்கும். கதவைத் திறந்தால் அதற்கும் மேலே போகும். அதற்குள்தான் விமானி, துணை விமானி, பின்னால் வின்ச் (ஆளைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் இயந்திரம்) இயக்குபவர், பயணிகள் எல்லோரும் தங்களுக்குள் பேசியாக வேண்டும். அதே ஹெட்செட்டில் விமானி தரையிலுள்ள விமானக் கட்டுப்பாட்டு டவரோடும் பேச வேண்டும். ரோட்டரின் சுழற்சி குறைந்தால் அடிக்கும் எச்சரிக்கை ஒலியும் அதே காதில்தான் விழ வேண்டும். இத்தனை ஒலிகளையும் வாங்கி, யாருக்கு எது, எவ்வளவு சத்தத்தில் என்று பங்கிட்டுக் கொடுப்பதுதான் இண்டர்காமும் ஆடியோ பேனலும் சேர்ந்து செய்யும் வேலை.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஹெலிகாப்டர் அந்நியமான பொருள் இல்லை. தேர்தல் வந்தால் மைதானங்களில் தற்காலிக ஹெலிபேட் முளைக்கும். கிழக்கே போனால் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கியபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலைச்சரிவில் கதவு திறந்தபடி நிற்கும் ஹெலிகாப்டரில் பின்னால் இருப்பவர் சொல்வது விமானிக்குத் தெளிவாகக் கேட்பதைப் பொறுத்தே உயிர்கள் இருக்கின்றன. விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களுக்கும், எலக்ட்ரானிக்ஸில் கை பழகி விமானத் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது, பிறகு பழுதை எந்த வரிசையில் தேடுவது, கடைசியாக இதையெல்லாம் மேசைமேல் கட்டிப் பார்ப்பது எப்படி.

தொடங்குமுன் ஒன்று. பறக்கும் இயந்திரத்தின் ஒயரைத் தொட, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகளின்படி அனுமதி பெற்ற பராமரிப்பு நிறுவனமும், ஏவியானிக்ஸுக்கான (விமான மின்னணுக் கருவிகள்) பி2 உரிமம் உள்ள பொறியாளரும் வேண்டும். மாணவர் மேசைமேல் எத்தனை சோதனை வேண்டுமானாலும் செய்யலாம். ஹெலிகாப்டரில் உரிமக்காரரின் மேற்பார்வையில் மட்டும்தான்.

குரல் எந்த வழியாகப் போகிறது

உதட்டிலிருந்து தொடங்குவோம். விமான ஹெட்செட் மைக்குக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. இரைச்சல் தூரத்திலிருந்து வருவதால் இரண்டு துளைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் பக்கத்திலிருந்து வருவதால் முன் துளையில் மட்டும் பலமாக நுழையும். இந்த ஏற்பாடு வேலை செய்ய மைக் உதட்டிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டரில் இருந்ததை 25 மில்லிமீட்டருக்கு நகர்த்தினால் குரல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரைச்சலோ அப்படியே இருக்கும். ‘இண்டர்காம் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மருந்து இந்த ஒரு விரல்கடை தூரம்தான். மைக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் பேசுகிறவர்களும் உண்டு. பேச வேண்டிய பக்கத்தில் சிறு புள்ளியோ ‘டாக்’ என்ற எழுத்தோ இருக்கும். ஸ்பாஞ்ச் உறையைக் கழற்றினால் தெரியும்.

மைக்கிலும் இரண்டு சாதி. சிவில் ஹெட்செட்டில் எலெக்ட்ரெட் மைக். உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதற்கு ஆடியோ பேனல் 8 முதல் 16 வோல்ட் டிசி கொடுக்க வேண்டும். ராணுவ வகையில் 5 ஓம் டைனமிக் மைக். அதற்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் வெளியே வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. இரண்டின் அளவுக்கும் இடையே ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். காதுப் பக்கமும் அப்படித்தான். சிவில் ஹெட்செட் 150 ஓமிலிருந்து 600 ஓம் வரை, ராணுவ வகை 8 ஓம் அளவில். ஒன்றுக்குக் கட்டிய பேனலில் மற்றதைச் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேயும், அல்லது கரகரத்துக் கிழியும். சில பேனல்களில் இதை மாற்ற உள்ளேயே ஒரு ஸ்விட்சோ ஜம்பரோ இருக்கிறது. மேனுவலைப் பார்க்காமல் வால்யூமைக் கூட்டிச் சமாளிக்கக் கூடாது.

பிளக்கைப் பார்த்தே எந்த வகை என்று ஊகிக்கலாம். சிறு விமானங்களில் இரண்டு பிளக்: காதுக்கு 6.35 மில்லிமீட்டர், மைக்குக்கு 5.23 மில்லிமீட்டர். மைக் பிளக்கின் நுனி பேசும் பட்டனுக்கு, நடு வளையம் குரலுக்கு, உடல் கிரவுண்டுக்கு. ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் யு-174 என்ற ஒற்றைப் பிளக், 7.1 மில்லிமீட்டர் தடிமனில் நான்கு தொடுமுனைகள், காதும் மைக்கும் ஒன்றிலேயே. இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் என்பது இதன் நன்மை. அவசரத்தில் இறங்குகிறவருக்குக் கயிறு காலைச் சுற்றாது. சுருள் கயிறாக இருப்பதும் அதற்காகத்தான். ஆனால் யு-174 பிளக்கைச் சிவில் ஹெட்செட்டிலும் போட்டு விற்கிறார்கள். எனவே பிளக்கை மட்டும் நம்பாமல் ஹெட்செட்டின் மேல் அச்சடித்திருக்கும் ஓம் அளவையும் படியுங்கள்.

குரல் ஜாக்கிலிருந்து ஷீல்டு ஒயர் (வெளி இரைச்சல் நுழையாமல் உலோக வலை சுற்றிய ஒயர்) வழியாக ஆடியோ பேனலுக்குப் போகிறது. பேனலில் ஒரு திருகு குமிழ் இருக்கும்: எந்த ரேடியோவில் பேசுவது என்பதை அது தீர்மானிக்கும். பக்கத்தில் வரிசையாக ஸ்விட்சுகள்: எந்தெந்த ரேடியோவைக் கேட்பது என்பது அவற்றின் வேலை. பேசுவது ஒன்றில் மட்டும், கேட்பது எத்தனையிலும். டவரோடு பேச 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கும் விஎச்எஃப் ஏஎம் ரேடியோ. மீட்பு, போலீஸ், வனத்துறை வேலைகளுக்குப் பெரும்பாலும் இன்னொரு எஃப்எம் ரேடியோவும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே குமிழ் தவறான இடத்தில் நின்றால், டவருக்குச் சொல்ல வேண்டியது தரைக்குழுவுக்குப் போய்விடும்.

விமானியின் வலது கையில் இருக்கும், ஹெலிகாப்டரைச் சாய்த்துத் திருப்பும் சைக்ளிக் கம்பின் தலைப்பில் துப்பாக்கி விசைபோல ஒரு ஸ்விட்ச். அரை அழுத்தத்தில் இண்டர்காம், முழு அழுத்தத்தில் ரேடியோ. விரலுக்கு இரண்டு படிகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தேய்ந்த ஸ்விட்சில் முதல் படி மழுங்கி, இண்டர்காமுக்காக அழுத்தியது ரேடியோவில் போய்விடும். துணை விமானிக்கும் பின்னால் இருப்பவருக்கும் கையில் பட்டன் அல்லது காலால் மிதிக்கும் தரை ஸ்விட்ச்.

பேனல் எப்போது மைக்கைத் திறக்கும்

இண்டர்காமில் மைக் திறக்க மூன்று வழிகள் உண்டு. பட்டன் அழுத்தினால் திறப்பது; எப்போதும் திறந்தே இருப்பது; குரல் வந்தால் தானே திறந்துகொள்வது. கடைசி வகையை வாக்ஸ் என்பார்கள். காரில் பேசுகிற வசதி போலத் தோன்றுவதால் புதியவர்களுக்கு அதன்மேல் ஆசை அதிகம். ஹெலிகாப்டரில் அது பாதி நேரம் உதவும், பாதி நேரம் தொந்தரவு. வாக்ஸ் ஒரு வரம்பை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சத்தம் வந்தால் திறக்கும். சத்தம் நின்றபின் சுமார் ஒரு நொடி காத்து மூடும். வரம்பைத் தாழ்வாக வைத்தால் காற்றே திறந்துவிடும். உயரமாக வைத்தால் சொல்லின் முதல் அசை விழுங்கப்படும். ‘இறங்காதே’ என்பதன் தலை போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கதவு திறந்து வின்ச் வேலை செய்யும்போது வாக்ஸை விட்டுவிட்டு, திறந்த மைக்கையோ பட்டனையோ நம்புகிறார்கள்.

திறந்த மைக்குக்கும் விலை உண்டு. திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் கேபின் இரைச்சலை உள்ளே கொண்டுவந்து கொட்டும். மைக் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் இரைச்சல் 3 டெசிபெல் கூடும். நான்கு மைக் திறந்தால் ஒன்றைவிட 6 டெசிபெல், எட்டு திறந்தால் 9 டெசிபெல் அதிகம். பேசாத பயணிகளின் மைக்குகளை அடைப்பதும், விமானிகளைத் தனியாகப் பிரித்துவைக்கும் ‘ஐசோ’ நிலையைப் பயன்படுத்துவதும் இதனால்தான். டவர் பேசும்போது பயணிகளின் பேச்சைத் தானாகத் தாழ்த்தும் பேனல்களும் உண்டு.

இரைச்சலின் தன்மையும் தெரிந்திருக்க வேண்டும். பெல் 206 ரக ஹெலிகாப்டரில் இரண்டு இறகுகள் நிமிடத்துக்குச் சுமார் 394 சுற்று. அதாவது நொடிக்குப் பதின்மூன்று முறை இறகு காற்றை அடிக்கும். இது 13 ஹெர்ட்ஸ், காதுக்குத் தனி ஒலியாகக் கேட்காது; ஆனால் மைக்கின் தகட்டை ஆட்டி, குரலை நடுங்கவைக்கும், வாக்ஸை ஏமாற்றும். இதை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் எளிதாக ஒழித்துவிடும். ஒழிக்க முடியாதது கியர்பாக்ஸின் கீச்சொலி. அது பேச்சு இருக்கும் அதே அலைவரிசைப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நல்ல மைக்கும், மைக்கை உதட்டருகே வைக்கும் பழக்கமும்தான் வழி.

யாரும் அணைக்கக் கூடாத ஒலிகள்

வால்யூம் குமிழும் ரேடியோ ஸ்விட்சுகளும் விமானியின் விருப்பம். ஆனால் ரோட்டர் சுழற்சி குறைந்ததற்கான ஒலி, எஞ்சின் நின்றதற்கான ஒலி, தரை நெருங்குவதைச் சொல்லும் ரேடார் உயரமானியின் ஒலி ஆகியவை அந்தக் குமிழ்களைத் தாண்டி, கடைசி ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சேர வேண்டும். இவற்றுக்கு ‘ஸ்விட்ச் இல்லாத உள்ளீடு’ என்று தனி வாயில்கள் பேனலின் பின்புறம் இருக்கும். ஒவ்வொன்றும் சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும். ஒரு கருவி ஷார்ட் ஆனாலும் மற்ற ஒலிகளைக் கீழே இழுத்துவிடாதிருக்க அந்த ரெசிஸ்டர். புதிதாக ஒரு கருவி பொருத்தும்போது காலியாக இருக்கும் ஸ்விட்ச் வாயிலில் எச்சரிக்கை ஒலியைச் சேர்த்துவிடுவது எளிது, மிகப் பெரிய தவறும் அதுவே. எல்லா ஸ்விட்சையும் கீழே தள்ளி, எல்லா வால்யூமையும் மூடிவைத்து, ஒலி கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த வேலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பு, மின்சாரம் போனால் நடப்பது. ஹெலிகாப்டரின் மின்சாரம் பெரும்பாலும் 28 வோல்ட் டிசி. பேனலுக்கு அது வராவிட்டால் உள்ளே ஒரு ரிலே விழுந்து, விமானியின் மைக்கையும் காதையும் முதல் ரேடியோவோடு நேராக இணைத்துவிடும். இண்டர்காம் போகும், ஆனால் டவர் போகாது. இந்த வசதியைச் சோதிப்பது எளிது: பேனலின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு முதல் ரேடியோவில் பேசிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் யாரும் இழுத்துப் பார்க்காத பிரேக்கர்கள் நிறைய உண்டு. ரிலேயின் தொடுமுனை கருத்துப்போயிருப்பது அவசரத்தின்போதுதான் தெரியவரும்.

நாம் பேசுவது நமக்கே கேட்பதை சைடுடோன் என்பார்கள். ரேடியோவில் பேசும்போது இந்த ஒலி ரேடியோவிலிருந்து திரும்பி வருகிறது. பட்டனை அழுத்திப் பேசும்போது உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், ரேடியோ ஒலிபரப்பவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பழுது தேடும் வரிசை

பெட்டியைக் கழற்றுவதுதான் பலரின் முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். ஆடியோ பழுதுகள் பெரும்பாலும் மனிதக் கை படும் இடங்களில்தான் வரும்: ஹெட்செட் கயிறு, பிளக், ஜாக், பட்டன். எனவே எப்போதும் காதிலிருந்து பேனலை நோக்கி நடக்க வேண்டும்.

முதலில் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஹெட்செட்டை அதே ஜாக்கில் செருகுங்கள். பழுது போய்விட்டால் பழைய ஹெட்செட்டின் கயிறு. பிளக்கிலிருந்து நாலு விரல் தூரத்தில் வளைத்து ஆட்டிப் பார்த்தால் கரகரப்பு வரும். பழுது அப்படியே இருந்தால் ஹெட்செட்டை அடுத்த இருக்கைக்குக் கொண்டுபோங்கள். அங்கே சரியாக இருந்தால் பழுது முதல் இருக்கையின் ஜாக்கிலோ ஒயரிலோ. எல்லா இருக்கையிலும் அதே பழுது என்றால்தான் பேனலை நினைக்க வேண்டும்.

காது கேட்கிறது, மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மல்டிமீட்டர் போதும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மைக் ஜாக்கின் குரல் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி அளந்தால், எலெக்ட்ரெட் மைக்குக்கான பேனலில் 8 முதல் 16 வோல்ட் வர வேண்டும். ஹெட்செட்டைச் செருகியதும் அது சில வோல்ட் இறங்க வேண்டும். சுத்தமாக ஒன்றுமே வரவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கிரவுண்டில் ஷார்ட். செருகிய பிறகும் ஒரு துளிகூட இறங்கவில்லை என்றால் மைக் சுற்று திறந்திருக்கிறது: பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, ஜாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கயிற்றுக்குள் மைக் ஒயர் அறுந்திருக்கிறது. பிளக் முழுதாக உள்ளே போகாத கேஸ்தான் இவற்றில் அதிகம். பின் இருக்கைகளில் பயணியின் முழங்கை இடித்தே ஜாக் தளர்ந்துவிடும்.

பட்டனை விட்ட பிறகும் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருந்தால் அதைத் தள்ளிப்போட முடியாது. அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாமல் போகும். ஹெட்செட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியதும் நின்றால் அந்த ஹெட்செட்டின் பட்டன் ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் நிற்கவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு மைக் ஜாக்கின் நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். யாரும் பட்டனை அழுத்தாதபோது அது திறந்த சுற்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சைக்ளிக் கம்பு. அதன் உள்ளே போகும் ஒயர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் வளைவதால் உறை தேய்ந்து ஒன்றோடொன்று தொட்டுவிடும்.

ஊளைச் சத்தங்களைப் பிரித்தறியக் காதுக்குப் பயிற்சி வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஜெனரேட்டர் ஸ்விட்சை அணைத்தால் அது நிற்கிறதா என்று பாருங்கள். மாறாமல் ஒரே சுதியில் நிற்கும் 400 ஹெர்ட்ஸ் முனகல், டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டரின் வேலை. பட்டனை அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால், ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலை மைக் ஒயருக்குள் நுழைகிறது. ஆன்டெனாவின் கிரவுண்டையும், கேபிள் முனையில் ஷீல்டு சரியாக இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஊளை இரண்டு வழிகளில் நுழையலாம். பேனலின் மின்சாரம் வழியாக வந்தால் எல்லா மைக்கையும் அடைத்தாலும் கேட்கும். கிரவுண்ட் வழியாக வந்தால் ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஜாக்கோடு சேர்ந்தே இருக்கும். இந்த இரண்டாவதுதான் புதிதாக ஒயரிங் செய்த ஹெலிகாப்டரில் பெரும்பாலும் மாட்டும். கோயில் திருவிழாவில் மைக் செட் போடுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு வேறொரு எர்த் என்று இரண்டு இடத்தில் கட்டினால் ஹம்மென்று இரையும். ஹெலிகாப்டரில் முழு உடலும் 28 வோல்ட்டின் திரும்பும் பாதை. விளக்கும் மோட்டாரும் எடுக்கும் மின்னோட்டம் அந்த உலோகத்தில் ஓடும்போது இரண்டு இடங்களுக்கு இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். ஜாக்கின் உடல் அந்த உலோகத்தைத் தொட்டால், அந்த மில்லிவோல்ட் குரலோடு சேர்ந்துவிடும். டைனமிக் மைக்கின் முழுக் குரலே சில மில்லிவோல்ட்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால் இரண்டு விதிகளை எந்தக் காரணத்துக்காகவும் மீறக் கூடாது. ஜாக்கைத் தகட்டில் பொருத்தும்போது முன்னும் பின்னும் இன்சுலேட்டிங் வாஷர் போட்டு, உடலிலிருந்து முழுதாகப் பிரிக்க வேண்டும். மைக் ஒயரின் ஷீல்டைப் பேனல் முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, ஜாக் முனையில் வெட்டி ஸ்லீவ் போட்டு மூட வேண்டும். குரலின் திரும்பும் பாதைக்கு ஷீல்டை நம்பாமல் உள்ளே தனி ஒயர் ஓட வேண்டும். பொருத்தி முடித்ததும், ஒயரைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டு, ஜாக்கின் உடலுக்கும் ஹெலிகாப்டர் உடலுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். தொடர்பு இருந்தால் வாஷர் நகர்ந்திருக்கிறது. நட்டை இறுக்கும்போது நடுவில் உள்ள விளிம்பு வாஷர் ஓட்டையிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கி, திருகு மரை தகட்டில் உரசும். வெளியிலிருந்து பார்த்தால் வாஷர் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும்.

ஸ்டீரியோ ஜாக் உள்ள இடத்தில் மோனோ பிளக்கைச் செருகினால் வலது பக்கம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடும். பின் இருக்கையில் ஒருவர் பழைய ஹெட்செட்டைச் செருகியதும் மற்றவர்களுக்கு ஒரு காது அடைத்துப்போனால் இதைப் பாருங்கள்.

மேசைமேல் கட்டிப் பார்ப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் 12 வோல்ட்டில், இரண்டு பேர் பேசும் சிறு இண்டர்காமாகக் கட்டிப் பழகலாம். பாகங்கள் எல்லாம் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும் சாதாரணச் சரக்கு. விமான மைக் ஜாக் மட்டும் அங்கே கிடைக்காது. 6.35 மில்லிமீட்டர் பி-38 ஜாக்கை வைத்துக்கொள்ளுங்கள். விமான ஹெட்செட்டின் காதுப் பிளக் அதில் பொருந்தும், 5.23 மில்லிமீட்டர் மைக் பிளக் ஆடும், தொடர்பு விட்டுவிட்டு வரும். மைக்குக்கு இரண்டு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் வாங்கி ஷீல்டு ஒயரில் பொருத்துவதே நல்லது. காதுக்கு 32 ஓம் ஹெட்ஃபோன் போதும்.

ஒவ்வொரு மைக்குக்கும் 12 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வரிசையாகப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ ஃபாரட்; மின்சாரத்தின் அழுக்கை அது வடிகட்டும். மைக் முனையில் சுமார் 7 வோல்ட் வரும். உண்மையான விமான ஹெட்செட்டைப் பொருத்துவதானால் 4.7 கிலோவுக்குப் பதில் 470 ஓம் இரண்டு. அதன் உள் ஆம்ப்ளிஃபயருக்கு மின்னோட்டம் அதிகம் வேண்டும்.

மைக்கிலிருந்து 0.033 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு ஸ்விட்ச், பிறகு 10 கிலோ ஓம் வழியாக டிஎல்072 ஐசியின் 2-ஆம் கால். இரண்டு மைக்கும் தனித்தனி 10 கிலோவோடு அதே காலில் சேரும். 1-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 100 கிலோ ஓமும், அதன் குறுக்கே 470 பிகோ ஃபாரடும். 3-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் இரண்டால் பிரித்த 6 வோல்ட், அதிலும் 47 மைக்ரோ ஃபாரட். 8-ஆம் கால் 12 வோல்ட், 4-ஆம் கால் கிரவுண்ட். ஐசியில் மிச்சமிருக்கும் பாதியைத் தொங்கவிடாதீர்கள். 6, 7-ஐ இணைத்து 5-ஐ 6 வோல்ட்டில் கட்டுங்கள், இல்லையேல் அது தானாக அலைந்து இரைச்சல் தரும். இந்த மதிப்புகளில் கீழே சுமார் 330 ஹெர்ட்ஸிலும் மேலே சுமார் 3,400 ஹெர்ட்ஸிலும் வெட்டு விழும். இறகுகளின் அடியை ஒழிக்கும் அதே வேலையை இங்கே 0.033 செய்கிறது. அதை 1 மைக்ரோ ஃபாரடாக மாற்றி, மேசை விசிறியின் முன்னால் பேசிப் பாருங்கள். வித்தியாசம் உடனே புரியும்.

ஸ்விட்ச் இரண்டு வகை: தொடர்ந்து திறக்க டாகிள் ஒன்று, அதற்கு இணையாக அழுத்து பட்டன் ஒன்று. கெப்பாசிட்டரும் ஸ்விட்சும் சேரும் இடத்திலிருந்து 6 வோல்ட்டுக்கு 1 மெகா ஓம் போட மறந்தால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் காதில் ‘தட்’ என்று அடிக்கும்.

இரண்டு குரலும் கலந்த வெளியீடு, அதாவது டிஎல்072-இன் 1-ஆம் கால், 1 மைக்ரோ ஃபாரட் வழியாக இரண்டு 10 கிலோ ஓம் வால்யூம்களுக்குப் போகட்டும், ஆளுக்கொன்று. வால்யூமின் நடுக்காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக எல்எம்386 ஆம்ப்ளிஃபயர் ஐசியின் 3-ஆம் கால்; இந்த ஐசியும் ஆளுக்கொன்று. 2-ஆம் காலும் 4-ஆம் காலும் கிரவுண்ட், 6-ஆம் காலில் 12 வோல்ட். 1, 8 கால்களைச் சும்மா விடுங்கள், 20 மடங்கு போதும். 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் வரிசையாக. ஹெட்ஃபோனுக்கு 220 மைக்ரோ ஃபாரடும் 100 ஓமும் வழியாக. அந்த 100 ஓமை விட்டுவிடாதீர்கள், காதைக் காப்பாற்றுவது அதுதான். ஒவ்வொரு ஐசிக்கும் அருகில் மின்சாரத்தில் 0.1 மைக்ரோ ஃபாரடும், எல்எம்386 அருகில் 100 மைக்ரோ ஃபாரடும்.

இனி எச்சரிக்கை ஒலி. 555 ஐசியில் 1 கிலோ, 10 கிலோ, 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 690 ஹெர்ட்ஸ் வரும். அதை 0.1 மைக்ரோ ஃபாரடும் 2.2 மெகா ஓமும் வழியாக இரண்டு எல்எம்386-களின் 3-ஆம் காலிலும், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டரோடு, நேராகச் சேருங்கள். வால்யூமை முழுதும் மூடினாலும் ஒலி நிற்காது. பிறகு அதே ஒலியை வால்யூமுக்கு முன்னால் மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். தவறான வாயிலில் இணைப்பது என்ன செய்யும் என்பது காதாலேயே விளங்கிவிடும்.

மின்சாரம் போனால் நடப்பதைக் காட்ட 12 வோல்ட் ரிலே ஒன்று. நடுமுனை ஹெட்ஃபோனுக்கு, மின்சாரம் இருக்கும்போது தொடும் முனை எல்எம்386-க்கு, விழுந்ததும் தொடும் முனை ஒரு செல்ஃபோனின் ஈபி (3.5 மில்லிமீட்டர் இயர்ஃபோன்) ஜாக்குக்கு. செல்ஃபோன்தான் இங்கே முதல் ரேடியோ. காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு. மின்சாரத்தைப் பிடுங்கினால் இண்டர்காம் மடிந்து செல்ஃபோன் ஒலி கேட்க வேண்டும்.

கடைசியாகக் கிரவுண்ட் சோதனை. ஒரு நீளமான தகரத் தகட்டில் இரண்டு ஓரங்களிலும் ஜாக்குகளை வாஷர் இல்லாமல் பொருத்துங்கள். சிறு 12 வோல்ட் மோட்டாரின் கிரவுண்டை அதே தகட்டின் ஒரு முனையில் கட்டி, மறுமுனையிலிருந்து பவர் சப்ளைக்கு எடுங்கள். மோட்டார் ஓடும்போது காதில் ஊளை கேட்கும். ஜாக்குகளுக்கு ஃபைபர் வாஷர் போட்டுத் தனி ஒயரில் கிரவுண்ட் கொடுங்கள், ஊளை அடங்கும். அப்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தால் அது பவர் சப்ளை வழியாக வருவது. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து அதைப் பிரித்தறியலாம்.

சோதிக்கும்போது ‘அண்ணே, கேக்குதா?’ என்று கேட்டு ‘கேக்குதுப்பா’ என்ற பதிலோடு முடித்துவிட வேண்டாம். ஒன்று முதல் பத்து வரை சாதாரணக் குரலில், ஒரே வேகத்தில் சொல்லச் சொல்லுங்கள். கேட்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். ஐந்து, எட்டு, பத்து ஆகியவற்றின் முதல் அசை வெட்டுப்படுகிறதா என்பதைக் கவனியுங்கள். இதே முறையை ஹெலிகாப்டரிலும் ஒவ்வொரு இருக்கையிலும், எஞ்சின் நின்றபோது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை செய்ய வேண்டும். பழுதைப் பதிவேட்டில் எழுதும்போது ‘இண்டர்காம் சரியில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த இருக்கை, எந்த ஹெட்செட், குமிழ் எந்த நிலையில், எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடினவா, கதவு திறந்திருந்ததா என்பதையும் எழுதுங்கள். அடுத்து வருகிற பொறியாளர் எந்த ஜாக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.